மடிச்ச காகிதத்தை உலோகத்துல வார்க்கும்போது வர்ற கோளாறுங்க: எது தெரிஞ்சா எங்க போய்ப் பாக்கணும்

காகிதத்துல கப்பலோ கொக்கோ மடிச்சு அந்த உருவத்தையே வெண்கலத்துலயோ அலுமினியத்துலயோ வார்க்கப் போறவங்களுக்காக எழுதுறேன். கோயில் சிலை வார்க்கத் தெரிஞ்சவங்க இதைப் பாத்துட்டு "மெழுகு வேலைதானே, இதுல என்ன இருக்கு"ன்னு ஆரம்பிச்சுருவாங்க, ஆனா சாமி சிலைல கை காலு எல்லாம் உருண்டு திரண்டு இருக்கும், உலோகம் தாராளமா ஓடும், இங்க உடம்பு பூரா தட்டை, எங்க பாத்தாலும் ஓரம், அதனால அங்க ஓடுற கணக்கு இங்க ஓடாது.

கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுங்களை ஹோட்டலா மாத்துறவங்க முற்றத்துல வைக்க ஏதாவது செஞ்சு குடுங்கன்னு கேக்குறாங்க. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறிப் போன ஊரு, அதனால கத்திக்கப்பல்னா உடனே தலையாட்டிருவாங்க. போன்ல காட்டுற படம் பெரும்பாலும் கெவின் பாக்ஸ்னு ஒருத்தரோடதா இருக்கும், அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலம் சான்டா ஃபே பக்கம் இருக்காரு, காகித மடிப்பை லாஸ்ட் வேக்ஸ் முறைல உலோகமா வார்க்கிறதையே பொழப்பா வச்சிருக்கவரு. லாஸ்ட் வேக்ஸ்னா மெழுகு உருவத்து மேல மண்ணு பூசி, சுட்டு மெழுகை உருக்கி எறக்கிட்டு, அந்தக் காலி எடத்துல உலோகத்தை ஊத்துறது. ராபர்ட் லாங்னு நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடத்துல முன்னாடி வேலை பாத்த இயற்பியல்காரர், அப்புறம் பாத்த வேலையையும் 2001-ல விட்டுட்டு முழுநேரமா மடிப்பு வேலைக்கு வந்தவர், அவரு மடிச்சுத் தர்ற உருவங்களையும் பாக்ஸ் வார்த்திருக்காரு. இதெல்லாம் வெள்ளையா தோட்டத்துல நிக்கிறதைப் பாத்தா காத்தடிச்சா பறந்துரும் போல இருக்கும், பக்கத்துல போய்த் தட்டுனாதான் டங்குன்னு சத்தம் வரும். அந்த ஏமாத்து வேலைதான் இதுல மொத்த சரக்கும்.

கோளாறு உலோகத்துலதான் கண்ணுக்குத் தெரியும், ஆனா பொறக்குறது பெரும்பாலும் காகிதத்துலயோ மெழுகுலயோதான். அதனால கீழ ஒவ்வொண்ணுலயும் பின்னாடி நடந்து போற மாதிரிதான் சொல்லிருக்கேன். முதல்ல உலையைத் திட்டாதீங்க.

மனசுல வச்சுக்க வேண்டிய கணக்கு இதான். நாம ஜெராக்ஸ் போடுற 80 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். வெண்கலம் ஒழுங்கா ஓடி முழுசா வரணும்னா குறைஞ்சது 3 மில்லிமீட்டர் வேணும், பெரிய உருப்படின்னா 4, 5 கூட. அப்ப காகிதத்தை விட முப்பது மடங்கு கனத்தை எங்கயோ ஒளிச்சு வைக்கணும். எங்க ஒளிக்கிறீங்கங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

"காகிதம் மாதிரியே இல்ல, தகரத்தை வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு"

வேலையெல்லாம் நல்லா வந்திருக்கும், பொத்தல் இல்ல விரிசல் இல்ல, கொண்டு போய் வச்சதும் வீட்டு ஆச்சி ஒரு சுத்து சுத்தி வந்துட்டு "ஏன் தம்பி, நாங்க மடிக்கிற கப்பல் இம்புட்டு தடிமனாவா இருக்கும்?"னு கேப்பாங்க. இந்தக் கோளாறுக்கு டெஸ்ட் எல்லாம் கிடையாது, பாக்குறவங்க கண்ணுதான் டெஸ்ட்.

முதல்ல ஓரத்தைப் பாருங்க. ஒரு தாளோட கனம் மனுசன் கண்ணுக்கு ஓரத்துல மட்டும்தான் தெரியுது, நடுவுல எவ்வளவு கனம்னு யாராலயும் சொல்ல முடியாது. ஓரம் சதுரமா 3 மில்லிமீட்டர் நின்னுச்சுன்னா கதை முடிஞ்சுது. மெழுகுல இருக்கும்போதே ஓரத்தோட பின்பக்கத்தை சரிவா சீவிருங்க, வெளில தெரியுற விளிம்பு 1 அல்லது ஒன்றரை மில்லிமீட்டர், அங்கருந்து ஒரு விரக்கடை உள்ள போறதுக்குள்ள முழுக் கனத்துக்கு வந்துரணும். விளிம்பு கூர்மையா இருந்தாலும் பின்னாடியே தடிமன் இருக்கிறதால சூடு அங்கருந்து கிடைக்கும், உலோகம் நுனி வரைக்கும் போயிரும். மெழுகுல சீவுறது அஞ்சு நிமிசம், வெண்கலத்துல கிரைண்டர் வச்சு சீவுறது அரை நாள், அதுவும் அலை அலையா வரும்.

ரெண்டாவது, மெழுகை எந்தப் பக்கம் ஏத்துனீங்க? மடிச்ச மாடலைத் தூக்கி மெழுகு சட்டிக்குள்ள முக்குனா ரெண்டு பக்கமும் ஏறி, வெளி மடிப்புக் கோடு எல்லாம் மழுங்கிப் போயிரும். ஒரே ஒரு தடவ சன்னமா முக்கி எடுத்து காகிதத்தை விறைப்பாக்கிக்கிட்டு, மீதிக் கனத்தை உள்பக்கம், அடிப்பக்கம், கண்ணு போகாத பக்கமா பிரஷ்ல ஏத்துங்க. கப்பல்னா வயித்துக்குள்ள, கொக்குன்னா றெக்கைக்கு அடில. எந்தப் பக்கம் கண்ணு போகும்கிறது வைக்கிற எடத்தைப் பொறுத்தது, முற்றத்துல கீழ வச்சு மேல மாடில நின்னு பாக்குறாங்கன்னா உள்பக்கம்தான் முகம்! அப்ப எல்லாத்தையும் தலைகீழா யோசிக்கணும். ஆர்டர் எடுக்கும்போதே எங்க வைக்கப் போறீங்கன்னு கேக்காம மெழுகைத் தொடாதீங்க.

மூணாவது, ரெண்டு மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற எடம். நெஜக் காகிதத்துல அங்க ஒரு சன்னக் கோடு, ஒரு நிழல் இருக்கும். மெழுகு அந்த இடுக்கை அடைச்சிருது, வார்த்ததும் ரெண்டு தாள் ஒரே கட்டியா ஆயிருது, மடிப்புங்கிற எண்ணமே செத்துருது. சூடு காட்டுன மெல்லிசு கத்தியால இடுக்கைத் திரும்பக் கீறி விடுங்க, ஆனா பேராசைப்பட்டு ஆழமா போகாதீங்க. அந்த இடுக்குக்குள்ள மண்ணு நாக்கு மாதிரி போய் நிக்கும், உலோகம் வர்ற வேகத்துல அந்த நாக்கு ஒடிஞ்சுதுன்னா இடுக்கும் போச்சு, ஒடிஞ்ச மண்ணு வேற எங்கயோ போய் உக்காந்து அங்க ஒரு குழி. இடுக்கோட அகலத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல ஆழம் வேணாம், நிழல் விழுறதுக்கு அது போதும்.

நாலாவதா, நல்லா வந்த உருப்படியை பாலிஷ்காரர் கைல குடுத்துக் கெடுக்கிறது. பஃபிங் வீல் கூர்மையான எதையும் விட்டு வைக்காது. மடிப்புக் கோட்டுக்கு அரம், அப்புறம் மரக்கட்டைல சுத்துன எமரி தாள், அவ்வளவுதான். குத்துவிளக்கு பாலிஷ் போடுறவங்க கிட்ட "கோட்டைத் தொடாதீங்கண்ணே"ன்னு சொன்னா சரிம்பாங்க, கை பழக்கத்துல தொட்டுருவாங்க. அந்த ஒரு வேலையை நீங்களே பண்ணிருங்க.

இன்னொண்ணு, இது கோளாறுன்னே நெறைய பேருக்குத் தெரியாது. மடிச்ச தாள் எதுவுமே கண்ணாடி மாதிரி சமதளமா நிக்காது, லேசா தொப்பை விழும், மூலை கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும். கிரைண்டர்ல மட்டமாக்கி மட்டமாக்கி அந்தத் தொப்பையை எடுத்துட்டா தகரந்தான். ஜப்பான்ல அகிரா யோஷிசாவா (1911–2005) தடிமனான தாளை ஈரப்படுத்தி மடிக்கிற முறையைக் கொண்டு வந்தாரு, காஞ்சதும் அந்த வளைவு அப்படியே நிக்கும். வார்ப்புக்கு மாடல் மடிக்க இந்த முறைதான் ஒசத்தி, ஏன்னா தடிமன் தாள்ல மடிச்சா மடிப்போட உண்மையான வளைவு எவ்வளவுன்னு காகிதமே சொல்லிரும். ராவிவிடுற வரைக்கும் இன்னொரு காகித மாடலை மேஜை மேல வச்சுக்கிட்டே வேலை பாருங்க.

"நுனி வரல, றெக்கை பாதில நின்னுருச்சு"

நின்ன எடத்தோட விளிம்பைத் தடவிப் பாருங்க. வழவழன்னு உருண்டையா நின்னிருந்தா உலோகம் ஆறிப் போய் நின்னுருக்கு. அந்த எடத்துல குமிழ் மாதிரி உள்வாங்கி இருந்தா காத்து மறிச்சிருக்கு. ஊத்துன வாய் வரைக்கும் நெறையாம உள்ள எறங்கியிருந்தா சரக்கே பத்தல.

சரக்கு பத்தாததுக்கு மன்னிப்பே கிடையாது, ஏன்னா இது கூட்டல் பெருக்கல் கணக்கு. மெழுகு உருப்படியை ரன்னர் (உலோகம் ஓடி வர்ற வழி), ரைசரோட (உறையும்போது சுருங்குற எடத்துக்கு சரக்கு குடுக்குற கூடுதல் கட்டி) சேர்த்து எடை போடுங்க, வெண்கலம்னா 9-லருந்து 10 மடங்கு, அலுமினியம்னா 3 மடங்கு, அதுக்கு மேல உலோகம் உருக்குற மூசைல ஒட்டுறதுக்கும் சிந்துறதுக்கும் கொஞ்சம் சேர்த்துக்குங்க. மெழுகோட காகிதத்தையும் உள்ள வச்சே மண்ணு பூசுறீங்கன்னாலும் இந்தக் கணக்கு பெருசா மாறாது.

ஆறி நின்னதுக்குக் காரணம் மூணுல ஒண்ணு. உலோகம் சூடு பத்தல, அச்சு சூடு பத்தல, இல்ல வழி நீளம். நூத்துக்கு 10 வெள்ளீயம் போட்ட வெண்கலம் சுமார் 1000 டிகிரிலயே உறைய ஆரம்பிச்சுரும், தட்டையான உருவத்துக்கு 1150-ஐ ஒட்டி ஊத்துனாதான் ஓடும். கண்ணால பாத்து நெறத்தை வச்சுச் சொல்ற பெரியவங்க இருக்காங்க, அவங்களுக்கு ஒரு கும்பிடு, நீங்க சூட்டை அளக்குற பைரோமீட்டர் வாங்கிருங்க. அச்சும் மெழுகு எறங்குன சூட்டோடயே, நல்லா சுட்டது ஆறுறதுக்குள்ளயே ஊத்தணும், "சாப்பிட்டு வந்து ஊத்திக்கலாம்"னு போனா றெக்கை வராது.

வழி நீளம்கிறது இந்த வேலைக்கே உரியது. சாமி சிலைல பீடத்துல ஒரு வாய் வச்சா மேல வரைக்கும் போயிரும். கொக்கு மாதிரி விரிஞ்சதுல உடம்புல மட்டும் வாய் வச்சா றெக்கை நுனிக்குப் போறதுக்குள்ள உறைஞ்சுரும். றெக்கையோட அடிப்பக்கமா ஒரு தனி ரன்னர் ஓட்டி ரெண்டு மூணு எடத்துல கேட் (ரன்னர்லருந்து உருப்படிக்குள்ள நுழையுற வாய்) குடுங்க, ஒவ்வொரு நுனியிலருந்தும் காத்துப் போக ஒரு ஈர்க்குச்சி கனத்துக்கு மெழுகுக் குச்சி வச்சு மேல கொண்டு வந்துருங்க. நுனிங்க நெறைய, அதனால காத்துக்குழாயும் நெறைய, வெட்டி ராவுறது வேலைதான், வேற வழியில்ல. கேட் எல்லாத்தையும் மடிப்பு இல்லாத தட்டைப் பகுதில வைங்க, மடிப்புக் கோட்டு மேல வச்சா வெட்டுனப்புறம் அந்தக் கோட்டைத் திரும்பக் கொண்டு வர உசுரு போயிரும்.

"நடுவுல ஒரு கோடு ஓடுது"

மூணு விதமான கோடு இருக்கு, மூணுக்கும் மருந்து வேற. கோடு வெளில தள்ளி சன்ன வரப்பா நின்னா அது அச்சு விரிஞ்சு உலோகம் உள்ள போனது, உளியால தட்டி ராவிட்டா முடிஞ்சது, அடுத்த தடவ மண்ணு மேல கட்டுக்கம்பியை நெருக்கமா சுத்துங்க. கோடு உள்வாங்கி, ரெண்டு பக்கமும் உருண்டை விளிம்பா இருந்தா ரெண்டு பக்கத்துலருந்து வந்த உலோகம் சந்திச்சும் ஒட்டாமப் போனது, அதுக்கு மேல சொன்ன சூட்டுக் கணக்குதான். கோடு கோணல் மாணலா, பிச்ச மாதிரி, உள்ள கருத்துப் போயிருந்தா அது உறையும்போதே கிழிஞ்சது, பெரும்பாலும் தடிமன் எடமும் மெல்லிசு எடமும் சேர்ற மூலைல வரும். ரெண்டு றெக்கைக்கும் நடுவுல அச்சு கல்லு மாதிரி கெட்டியா நின்னா, உலோகம் சுருங்க எடமில்லாம அதுவே கிழிஞ்சுக்கும். உள்மண்ணுல உமியோ நறுக்குன வைக்கோலோ கலந்து பூசுனா சுடும்போது அது எரிஞ்சு உள்ள எடம் விடும், மண்ணு கொஞ்சம் விட்டுக் குடுக்கும்.

கிழிஞ்சதை மேலாப்புல வெல்டிங் வச்சு மூடாதீங்க, அடி வரைக்கும் தோண்டிட்டு நிரப்புங்க.

"வால் பக்கத்துல பள்ளம், கழுத்துல குழி"

கொக்கு மடிச்சவங்களுக்குத் தெரியும், கழுத்தும் வாலும் எத்தனை மடிப்பு மேல மேல வருதுன்னு. றெக்கை ஒத்தை ரெட்டை அடுக்குதான். அப்படியே மெழுகாக்குனா றெக்கை 3 மில்லிமீட்டர், கழுத்தடி 15 மில்லிமீட்டர்னு வந்து நிக்கும். மெல்லிசு மொதல்ல உறைஞ்சு போயிரும், தடிமன் எடம் கடைசியா உறையும்போது சுருங்குறதுக்கு சரக்கு எங்கருந்தும் வராது, தன்னையே உறிஞ்சிக்கிட்டு பள்ளம் விழும். ராபர்ட் லாங் மாதிரி ஆளுங்க ஒரே சதுரத் தாள்ல கொம்பு, காது, விரல்னு எடுக்குற உருவத்துல இது பல மடங்கு, அடுக்குங்க எல்லாம் ஒரே எடத்துல போய்க் குமியும்.

பள்ளம் விழுந்த எடத்துக்கு நேரா ரைசர் வைங்க, அந்த ரைசர் உருப்படியை விடத் தடிமனா இருக்கணும், அதுதான் கடைசியா உறையணும். அதை விட நல்ல வழி, அடுக்குகளோட உள்பக்கத்தை மெழுகுலயே குடைஞ்சு எடுத்துருங்க. வெளில தெரியுற மடிப்பு ஓரங்கள் மட்டும் போதும், உள்ள எத்தனை அடுக்குன்னு யாரும் வெட்டிப் பாக்கப் போறதில்ல. உடம்பு தனியா கழுத்து தனியா வார்த்து டிக் வெல்டிங்ல சேர்க்கிறதும் நல்ல வழிதான், ஒட்டுற எடத்தை மடிப்புக் கோட்டுலயே வச்சா தெரியவும் தெரியாது.

"பொத்தல் பொத்தலா வந்திருக்கு"

பொத்தலுக்குள்ள என்ன இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

வெள்ளையா சாம்பலாப் பொடி இருந்தா அது உங்க தாள். காகிதத்தை மெழுகோட உள்ளயே விட்டு எரிச்சு எடுக்குறவங்களுக்குத்தான் இது வரும். பிரின்ட் போடுற தாள்ல நூத்துக்குப் பத்து இருபது பங்கு காகித நாரே கிடையாது, சுண்ணாம்புப் பொடி, வெள்ளைக் களி இதெல்லாம் சேர்த்து வழவழப்பு ஆக்கியிருப்பாங்க. வழவழ ஆர்ட் பேப்பர், காலண்டர் தாள் இன்னும் மோசம். நார் எரிஞ்சு போனாலும் இந்தப் பொடி எங்கயும் போகாது, அச்சுக்குள்ளயே உக்காந்திருக்கும். பழுப்பு நெற கிராஃப்ட் தாள் எடுங்க, சின்ன உருப்படின்னா லேப்ல வடிகட்டுற சாம்பலில்லாத ஃபில்டர் தாள் கூட எடுக்கலாம். இல்லன்னா சிலிக்கான் ரப்பர்ல அச்செடுத்து வெறும் மெழுகுல மாடல் எடுத்துட்டா இந்தத் தலைவலியே இல்ல, ரெண்டாவது பிரதி வேணும்னாலும் கைல இருக்கும்.

கருப்பா கரி இருந்தா எரிஞ்சு முடியல. சூடு மட்டும் இருந்தாப் பத்தாது, கரி எரிய காத்து வேணும். அச்சுக்கு ஒரே ஒரு வாய் வச்சு கவுத்து வச்சு சுட்டா காகிதம் கரியாகி உள்ளயே நிக்கும். கீழ ஒரு வழி, மேல ஒரு வழி விட்டு, அச்சு உள்ள செவ செவன்னு ஆகுற வரைக்கும் சுட்டு, காத்து ஓட விடுங்க.

ஒண்ணுமே இல்லாம பளிச்சுனு சுத்தமான உருண்டைப் பொத்தல்னா வாயு. அலுமினியத்துல பெரும்பாலும் ஹைட்ரஜன், ஈரத்துலருந்து வர்றது. உருகுன அலுமினியம் ஹைட்ரஜனைக் குடிச்சு வச்சிருந்துட்டு உறையும்போது கக்கும். ஸ்கிராப்பைக் காய வச்சுப் போடுங்க, தேவைக்கு மேல சூடேத்தாதீங்க, 720 டிகிரி பக்கம் போதும்னா 850-க்குக் கொண்டு போய் வச்சுக்கிட்டு போன் பேசக்கூடாது, வாயுவை வெளியேத்துற டிகேஸிங் மாத்திரை போட்டு கசடை எடுத்துட்டு உடனே ஊத்துங்க.

நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகைல இந்தப் பொத்தல் புகார் கூடும். அச்சு மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் நிக்கும். மானாமதுரைக் களிமண் பானைக்கும் கடத்துக்கும் பேர் போனது, பிடிப்பு நல்லா இருக்கும், ஆனா அம்புட்டு நெருக்கமான மண்ணு ஈரத்தையும் லேசுல விடாது. மொதல் பூச்சு மட்டும் சன்ன வண்டலா வச்சுக்கிட்டு, அடுத்தடுத்த பூச்சுல மணலும் உமியும் கூட்டிக்கிட்டே போங்க, ஒவ்வொரு பூச்சும் நெழல்ல காஞ்சப்புறம் அடுத்தது. மழை நாள்ல அவசர ஆர்டர் எடுக்காதீங்க, அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தாலும்.

"ஊத்தும்போது கொதிக்குது, கக்குது"

நிறுத்திட்டு தள்ளி வந்துருங்க. ஈர அச்சு. உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல விரியும், உருகுன உலோகத்தையே மேல தூக்கி அடிக்கும். அந்த அச்சைக் காப்பாத்த நினைக்காதீங்க. தோல் ஏப்ரன், முகக் கவசம், மூடுன ஷூ இல்லாம, கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு செருப்போட உலை பக்கம் போறவங்க கிட்ட வேலை கத்துக்காதீங்க. சிமென்ட் தரை மேல சிந்துனாலும் தரை தெறிக்கும், மணல் போட்டு வைங்க.

மூசைலருந்து வெள்ளைப் புகை வந்து கூரைல பஞ்சாப் படிஞ்சா அது பித்தளைல இருக்கிற துத்தநாகம், 907 டிகிரிலயே கொதிக்கிற சாமான். அதை சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி தூக்கிப் போடும். காரைக்குடில பழைய பாத்திரம் எடைக்கு வாங்கி உருக்கலாம்னு ஐடியா சொல்றவங்க இருக்காங்க, என்ன கலப்புன்னு தெரியாது, ஓட்டமும் புகையும் ஒவ்வொரு தடவ ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதை விட, நூறு வருச அண்டாவை உருக்கி காகிதக் கப்பல் பண்றது எனக்கு மனசு ஒப்பல, அண்டாதான் ஒசத்தி.

"மெழுகுலயே முறுக்கிக்கிச்சு"

சித்திரை வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள மெழுகு றெக்கை தொங்கிப் போகும், தேன்மெழுகு உருகுறது 62 டிகிரிக்கு மேலதான்னாலும் அதுக்கு ரொம்ப முன்னாடியே இளகிரும். சுவாமிமலைக்காரங்க தேன்மெழுகு, குங்கிலியம், கடலெண்ணெய் கலந்துதான் வேலை பாப்பாங்க, கோடைல குங்கிலியம் கூட்டி எண்ணெயைக் குறைச்சா விறைப்பு நிக்கும். ரொம்பக் கூட்டுனா மடிப்புல கீறல் விடும். காலைல வேலை பாருங்க, மதியம் உருப்படியைத் தண்ணித் தொட்டில போட்டு வைங்க, பெரிய தட்டைக்கு மண்ணு பூசுற வரைக்கும் அடில முட்டுக் குடுங்க. உலோகமானப்புறம் முறுக்கிக்கிட்டா அது வெல்டிங் சூடு, ஒரே மூச்சுல நீளமா ஓட்டாம அங்கங்க விட்டு விட்டுப் புள்ளி வச்சுட்டு சேருங்க.

ஒரு சாண் அளவுக்குள்ள இருக்கிற சின்ன உருப்படின்னா, வார்க்கவே வேணாம்னு கூட சொல்லுவேன். மடிச்ச காகிதத்தை மெழுகுல முக்கி, கரன்ட் பாயுறதுக்கு மேல கிராஃபைட் பூசி, மயில்துத்தக் கரைசல்ல தொங்கவிட்டு கரன்ட் குடுத்தா செம்பு அது மேலயே சன்னமா படிஞ்சு வளரும், அரை மில்லிமீட்டர் கனம் கிடைச்சாலே விறைப்பா நிக்கும், மடிப்பு ஒண்ணு கூட மழுங்காது. கிராஃபைட் நம்ம சிவகங்கை மண்ணுக்குள்ளயே இருக்கு, தமிழ்நாட்டு அரசோட கனிம நிறுவனம் டாமின் சுரங்கம் வச்சு எடுக்குது. மின்வேதியியலுக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, அழகப்பச் செட்டியார் நெலமும் பணமும் குடுத்து 1948-ல அடிக்கல் நாட்டி 1953-ல தெறந்தது, காரைக்குடிலயே நிக்குது. இத்தனை வசதி இருக்கிற ஊர்ல இந்த முறைல நெறைய பேர் வேலை பாக்காதது எனக்கு ஆச்சரியம்தான்.

"வெள்ளை பெயின்ட்ல முகப்பரு மாதிரி கொப்புளம்"

பவுடர் கோட்டிங் அடிச்ச வார்ப்பு அலுமினியத்துல மட்டும் வரும், தகடுல வராது, அதனால கோட்டிங் கடைக்காரர் "எங்க பவுடர்ல ஒண்ணும் இல்ல"ம்பாரு, அவர் சொல்றதும் சரிதான். வார்ப்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சன்னப் பொத்தல்ல காத்து இருக்கும், 180–200 டிகிரி அவன்ல பவுடர் இளகும்போது அந்தக் காத்து விரிஞ்சு வெளில வரும். பவுடர் அடிக்கிறதுக்கு முன்னாடியே வெறும் உருப்படியை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டுல அவன்ல வச்சு எடுக்கச் சொல்லுங்க, வர்ற காத்தெல்லாம் அப்பவே வந்துரும். பள்ளத்தை கார் பட்டறை பட்டி வச்சு நிரப்பிருந்தா அதுவும் அந்தச் சூட்டுல கொப்புளிக்கும், அலுமினியத்தாலயே வெல்டிங் பண்ணி நிரப்புங்க. கோட்டிங் ரொம்பத் தடிமனா அடிச்சா மடிப்புக் கோடு திரும்ப மழுங்கும், மேட் வெள்ளை, சன்னமா, ஒரு கோட். பளபள வெள்ளை அடிச்சா பாத்ரூம் சாமான் மாதிரிதான் இருக்கும்.

"ஒரு மாசத்துல பளபளன்னு மாறிருச்சு"

இதுக்குக் காரணம் உலைலயும் இல்ல மெழுகுலயும் இல்ல, புளி. நீங்க வெண்கலத்துக்கு மருந்து போட்டு சூடு காட்டி நல்ல பழுப்பு நெறம் கொண்டு வந்து குடுத்திருப்பீங்க, அந்த வீட்டுல வேலை பாக்குற அக்கா குத்துவிளக்கு தேய்க்கிற அன்னைக்கே இதையும் புளியும் சாம்பலும் போட்டு தேய்ச்சு வச்சிருப்பாங்க. அவங்களைக் கோவிச்சுக்க ஒண்ணுமில்ல, பித்தளை வெண்கலம் கருத்துப் போனா வீட்டுக்கே ஆகாதுன்னு வளந்தவங்க. குடுக்கும்போதே மொதலாளி கிட்ட சொல்றதை விட அந்த அக்கா கிட்ட "இதைத் தேய்க்காதீங்கக்கா, ஈரத் துணியால தொடைச்சா போதும்"னு நேரா சொல்லிட்டு வாங்க. வருசத்துக்கு ஒரு தடவ மெழுகு பாலிஷ் தடவச் சொல்லுங்க.

"அடில வெள்ளையாப் பூத்து உதிருது"

அலுமினியத்தை சுண்ணாம்புக் காரைலயோ சிமென்ட்லயோ நேரா பதிச்சிருந்தா இப்படித்தான், காரம் அலுமினியத்தைத் தின்னும், ஈரமா இருக்கும்போது இன்னும் வேகமா. செட்டிநாட்டு வீட்டுல தொட்ட எடமெல்லாம் சுண்ணாம்பு, அதனால பதிக்கவே கூடாது. அடில எவர்சில்வர் தகடு, நடுவுல ரப்பரோ நைலானோ ஒரு வாஷர், எவர்சில்வர் போல்ட்டும் அலுமினியத்தை நேரா தொடாம அதுக்கும் ஒரு நைலான் குழாய். இரும்பு போல்ட் போட்டீங்கன்னா மொத மழைக்கே ஆத்தங்குடிக் கல்லு மேல துருக்கறை எறங்கும், அது போகாது, சண்டை வரும்.

"கப்பல்ல தண்ணி நிக்குது"

முற்றத்துல வச்சா நிக்கத்தான் செய்யும், மழை நேரா அங்கதானே விழுது. கொசு வரும், வெண்கலம்னா தண்ணி நின்ன அளவுக்கு உள்ள பச்சைக் கோடு விழும். மெழுகுலயே ஓட்டை விடாதீங்க, அந்த எடத்துல உலோகம் ரெண்டாப் பிரிஞ்சு ஓடி திரும்பச் சேரும்போது ஒட்டாம கோடு விழும். வார்த்து முடிச்சு, வைக்கிற எடத்துலயே வச்சு ஒரு செம்பு தண்ணி ஊத்திப் பாருங்க, எந்தப் பக்கம் ஓடி எங்க நிக்குதுன்னு தெரியும், அங்க 8 மில்லிமீட்டர் டிரில்லால ஒண்ணு, உள் மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற ஓரத்துக்கு அடில வர்ற மாதிரி. அதை விட சின்னதா போட்டா வேப்பிலை அடைச்சுக்கும்.